கார் பட்டியலில் நம் தெரு வண்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்ற தலைப்பில் தங்கள் பத்திரிகை வெளியிட்ட நம்பகமான கார்களின் பட்டியலைப் பார்த்தேன். தமிழில் இப்படி ஒரு பக்கம் வருவது நல்ல காரியம், தொடர்ந்து வரட்டும். ஆனால் அந்தத் தலைப்பு கவலை தருகிறது. பட்டியலை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே தென் ஆப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் கடை கடையாக ஏறி இறங்கப்போகிற குடும்பங்கள் உண்டு. வீட்டுக் கடனுக்கு அடுத்த பெரிய கடன் காருக்குத்தான். பலருக்கு 72 மாதத் தவணை. தவணை முடிவதற்குள் கியர்பாக்ஸ் போனால் வண்டி முற்றத்தில் நிற்கும், பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எழுத அனுமதியுங்கள்.

உலகம் முழுக்கச் சுற்றும் இத்தகைய பட்டியல்களில் பெரும்பாலானவை மூன்று நான்கு இடங்களில் பிறந்தவை. ஒன்று, அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பு. மூன்று வயதான காரைப் புதிதாக வாங்கி இன்றும் வைத்திருப்பவர்களிடம், கடந்த 12 மாதத்தில் என்னென்ன கோளாறு வந்தது என்று கேட்டு, 100 காருக்கு இத்தனை புகார் என்று சொல்வார்கள். 2025 கணக்கில் எல்லாக் கம்பெனிகளின் சராசரி 202. முதலிடம் பிடித்த லெக்ஸஸுக்கு 140. வரிசைப்படுத்தி அச்சிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் போலத் தெரியும். 100-ஆல் வகுத்துப் பாருங்கள். முதலிடத்துக் காருக்கு வருடத்தில் 1.4 புகார், நடுத்தரக் காருக்கு 2 புகார். இடையில் இருப்பது அரைப் புகாருக்குச் சற்று மேல். நான்காம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் இடையே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

எது புகார் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு அதிகம் பேர் சொன்ன குறை, கைபேசி காரின் திரையோடு சரியாக இணையவில்லை என்பது. போன் இணையாவிட்டாலும் ஒரு புகார்தான், கியர்பாக்ஸ் உடைந்து என்3 நெடுஞ்சாலையில் வண்டி நின்றாலும் ஒரு புகார்தான். அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதில் மேல். அவர்கள் தங்கள் உறுப்பினர்களிடம் காரின் 20 பகுதிகளைத் தனித்தனியாகக் கேட்டு, என்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய கோளாறுகளுக்கு அதிக எடை கொடுக்கிறார்கள். ஆனால் புதிதாக வந்த மாடலுக்கு அவர்கள் தரும் மதிப்பெண் ஒரு கணிப்பு. அந்தக் கம்பெனியின் பழைய வண்டிகள் எப்படி நடந்துகொண்டன என்பதை வைத்துப் போடுவது.

இனி நம் தெருவுக்கு வருவோம். ஹைலக்ஸ், ரேஞ்சர், போலோ விவோ, ஸ்விஃப்ட், ஸ்டார்லெட், கொரோலா கிராஸ், க்விட், ஐ10: டர்பனில் எந்தத் தெருவில் நின்று எண்ணினாலும் இவைதான் கண்ணில் படும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இவற்றில் எத்தனை இருக்கின்றன? ஹைலக்ஸ் அங்கே விற்பனையில் இல்லை. போலோ விவோ இல்லை. சுசுகி 2012-இல் அமெரிக்கக் கார் சந்தையை விட்டே வெளியேறிவிட்டது. ரெனோவும் அங்கே கிடையாது. ரேஞ்சர் உண்டு, ஆனால் அமெரிக்க ரேஞ்சர் பெட்ரோல் வண்டி. பிரிட்டோரியாவின் சில்வர்டனில் செய்து நமக்கு விற்கும் டீசல் ரேஞ்சரோடு அதற்குப் பெயர்ப் பொருத்தம்தான் அதிகம். கொரோலா கிராஸும் உண்டு. அங்கே ஓடுவது 2.0 பெட்ரோல், நம் பிராஸ்பெக்டன் ஆலையிலிருந்து வருவது 1.8. ஆக, பட்டியலில் 'டொயோட்டா நம்பகமானது' என்று இருந்தால் அது அமெரிக்க கேம்ரிக்கும் ராவ்4-க்கும் கிடைத்த நல்ல பெயர்.

அந்த நல்ல பெயரை நம்பி இங்கே ஒருவர் டொயோட்டா ஸ்டார்லெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்லெட் என்பது குஜராத்தில் உள்ள சுசுகி ஆலையில் செய்யப்படும் பலேனோ. என்ஜினும் கியர்பாக்ஸும் சுசுகியுடையவை, முன்னால் ஒட்டிய சின்னம் மட்டும் டொயோட்டா. இங்கே விற்கும் டொயோட்டா விட்ஸ் என்பது சுசுகி செலேரியோ. ருமியோன் என்பது எர்டிகா. இதில் மோசடி எதுவும் இல்லை, வண்டிகளும் மோசமில்லை. சுசுகியின் கே வரிசைப் பெட்ரோல் என்ஜின், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க ரப்பர் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் உள்ள, சிக்கல் குறைந்த என்ஜின். ஆனால் அந்தக் காரின் குணத்தை அறிய நீங்கள் பார்க்க வேண்டியது சுசுகியின் வரலாற்றை. அதற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவருக்கு ஸ்டார்லெட்டில் கிடைப்பது எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும், நான்கு கியர் உள்ள பழைய டார்க் கன்வெர்ட்டர் பெட்டி; அது பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும், ஆனால் உழைக்கும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டில் கிடைப்பது சாதாரண மேனுவல் பெட்டியின் மேல் மோட்டார் பொருத்திக் கிளட்சை அழுத்த வைக்கும் ஏஎம்டி. சாட்ஸ்வொர்த் ஏற்றத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஏறினால் ஏஎம்டியில் கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். ஒரே குடும்பத்துக் கார்களுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது கம்பெனி பெயருக்கு ஒரே மதிப்பெண் போட்டால் அது யாருக்குப் பயன்படும்?

நிசான் மேக்னைட், ரெனோ கைகர், க்விட் ஆகியவை சென்னை ஒரகடத்திலிருந்தும், ஹூண்டாய் கிராண்ட் ஐ10 திருப்பெரும்புதூரிலிருந்தும் கப்பலேறி நமக்கு வருகின்றன. அங்கே இவை பல லட்சக்கணக்கில் ஓடுகின்றன. டர்பனைப் போன்ற கடலோர வெப்பத்திலும் வேர்வையிலும் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் உறவு உள்ளவர்கள் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில், 'இந்த மாடலுக்கு எந்தச் சாமானை அதிகம் மாற்றுகிறீர்கள்?' என்று கேட்டுச் சொல்லச் சொன்னால், அமெரிக்கப் பட்டியலைவிட அது பத்து மடங்கு உபயோகம். இந்தத் தொடர்பு வேறு எந்த வாசகருக்கும் இல்லாத வசதி என்பதால் சொல்கிறேன்.

ஜெர்மன் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே டியூஃப் நிலையங்களில் கட்டாயச் சோதனைக்கு வரும் கார்களில் எத்தனை சதவீதம் தோற்றன என்று கணக்குப் போடுகிறார்கள். இது சொந்தக்காரரின் அபிப்பிராயமாக இல்லாமல், தூக்கி வைத்துப் பார்த்த சோதனை என்பது இதன் பலம். அளப்பது பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன், எண்ணெய்க் கசிவு போன்றவற்றை. 2024 அறிக்கையில் இரண்டு மூன்று வயதுக் கார்களில் கடைசி இடம் டெஸ்லா மாடல் 3-க்கு, 14.7 சதவீதம் தோல்வி. காரணங்களில் ஒன்று பிரேக் தட்டு. மின்சாரக் கார் வேகம் குறைக்கும்போது மோட்டாரே தடுத்துவிடுவதால் பிரேக் அதிகம் உரசாது. உரசாத தட்டில் துரு ஏறும். மோட்டாரும் பேட்டரியும் எப்படி என்று அந்த எண் சொல்லவில்லை. இன்னொரு ஜெர்மன் அமைப்பான ஏ.டி.ஏ.சி, சாலையில் நின்றுபோன வண்டிகளை எண்ணுகிறது. நின்றவற்றில் நாற்பது சதவீதத்துக்கு மேல் 12 வோல்ட் பேட்டரி செத்ததால். பேட்டரி சாவது பெரும்பாலும் வண்டியின் வயதாலும் குறுகிய ஓட்டத்தாலும்.

எல்லாப் பட்டியலுக்கும் பொதுவான ஒரு குறை, வயது. மூன்று வயதுக் காரில் தெரிவது ஆலையில் சரியாக மாட்டாத பாகம், மென்பொருள் கோளாறு, கதவுச் சத்தம். நம் மக்களில் பெரும்பாலோர் வாங்குவது எட்டு, பத்து வயது, 1,50,000 கி.மீ. ஓடிய வண்டி. அந்த வயதில் போவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்: கூலன்ட் குழாய், தெர்மோஸ்டாட் கூடு, என்ஜின் மவுண்டிங், டைமிங் பெல்ட். அதோடு எண்ணெய் மாற்றாமல் விட்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஒரு கார் மூன்று வயதில் முதலிடத்தில் இருந்தது என்பதை வைத்துப் பத்து வயதில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதற்கு நம் கண்முன்னே உள்ள எடுத்துக்காட்டு ஹைலக்ஸ் 3.0 டி-4டி. 2005 முதல் ஏறக்குறைய 2015 வரை வந்தது. இந்த நாட்டில் இதைவிட நல்ல பெயர் எடுத்த பக்கி வண்டி (பின்னால் சுமைத் தொட்டி உள்ள பிக்கப்) கிடையாது, அந்தப் பெயருக்குத் தகுதியும் உண்டு. ஆனால் அதன் 1கேடி என்ஜினில் இன்ஜெக்டரின் அடியில் உட்காரும் செம்பு வாஷர் ஒன்று இருக்கிறது. ஒரு நாணயத்தைவிடச் சிறியது. அது கசியத் தொடங்கினால் எரிந்த வாயுவும் கரியும் மேலே வால்வு மூடிக்குள் புகுந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் தார் போலக் குழம்பும். அந்தத் தார் அடித்தொட்டியில் உள்ள ஆயில் உறிஞ்சியின் சல்லடையை அடைக்கும். ஆயில் அழுத்தம் இறங்கும், முதலில் டர்போ போகும், பிறகு பேரிங். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி கடைசி நாள் வரை ஜம்மென்று ஓடும். வாங்கும் முன் கீழ் ஆயில் தொட்டியைக் கழற்றிச் சல்லடையைக் கண்ணால் பார்க்கலாம். கறுப்புக் களிம்பு ஒட்டியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வாஷரை மாற்றியே ஆக வேண்டும். பழையதைத் தேய்த்துத் திரும்பப் போடுவது என்ஜினுக்கு எமன்.

அதே என்ஜினில் டைமிங் பெல்ட் 1,50,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. நேரம் வந்தால் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கைப் பெல்ட்டைத் தொடாமலே அணைத்துவிட முடியும். விளக்கு எரியவில்லை என்பதை வைத்துப் பெல்ட் மாற்றியாயிற்று என்று நம்பாதீர்கள். பெல்ட் வாங்கிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். 2016-இல் வந்த ஜிடி-6 என்ஜினில் செயின் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ரேஞ்சரின் பழைய 2.2, 3.2 டீசலுக்கும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை வடித்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் காலியாக விட்டால் ஆயில் பம்ப் பிடிப்பை இழந்துவிடும். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் ஏறாமல் என்ஜின் இறுகிப்போகலாம். வடித்து, ஃபில்டரை மாற்றி, உடனே ஊற்ற வேண்டும். 'நன்றாக வடியட்டும்' என்று மதியச் சாப்பாட்டுக்குப் போகிற நல்ல மெக்கானிக்கால்கூட நல்ல என்ஜின் போய்விடும். இத்தகைய செய்தி எந்தத் தரவரிசையிலும் வராது. ஆனால் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான்.

பட்டியலைவிட நான் மதிக்கும் தாள் ஒன்று உண்டு: ரீகால் அறிவிப்பு. 2017 ஜனவரியில் ஃபோர்டு இந்த நாட்டில் 4,556 கூகா 1.6 கார்களைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கும். கூலன்ட் ஓட்டம் குறைந்து என்ஜின் அளவு மீறிச் சூடேற, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்து, அதன் வழியே கசிந்த ஆயில் தீப்பற்றியது. அதே 1.6 டர்போ என்ஜின் அமெரிக்காவில் எஸ்கேப் என்ற பெயரில் ஓடிய காரில் இருந்தது. அங்கே அதிகச் சூட்டுக்காக 2012 கடைசியிலேயே ரீகால் வந்துவிட்டது. நான்கு வருட இடைவெளி. என்ஜின் பெயரைப் போட்டுத் தேடியவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். காரின் பெயரை மட்டும் தேடியவருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளின் ரீகால் பதிவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நம் நாட்டில் ரீகால் அறிவிப்புகளைத் தேசிய நுகர்வோர் ஆணையம் வெளியிடுகிறது. வாங்கப்போகும் வண்டியின் வின் எண்ணை (சேசிஸில் பொறித்த அடையாள எண்) அந்தக் கம்பெனியின் டீலரிடம் கொடுத்தால் ரீகால் வேலை முடிந்ததா, பாக்கியா என்று சொல்வார்கள். ஏர்பேக் ரீகால் பாக்கி இருந்தால் அதை முடித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

அப்படியானால் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டுமா? வேண்டாம். ஒரு கார் நான்கைந்து வருடம் தொடர்ந்து கடைசி வரிசையில், அதுவும் ஒரே பாகத்துக்காக இருக்கிறது என்றால் நம்புங்கள். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே மாதிரிப் பொய் சொல்ல மாட்டார்கள். உலர் கிளட்ச் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுகளைப் பற்றி, எந்தக் கம்பெனி செய்தாலும், நெரிசல் ஊர்களிலிருந்து வந்த புகார் அப்படிப்பட்டது. எண்ணெயில் குளிக்காத கிளட்ச், ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடேறி நடுங்கும். பட்டியலில் பகுதிவாரியாக என்ஜின், கியர்பாக்ஸ், மின்சாரம் என்று பிரித்துப் போட்டிருந்தால் முதல் இரண்டை மட்டும் படியுங்கள். ஒரு மாடல் புதிதாக வந்த முதல் வருடத்து வண்டியைத் தவிர்த்து, மூன்றாம் வருடத்துக்குப் பிந்தியதைத் தேடுங்கள், பாகங்களைத் திருத்தியிருப்பார்கள். போலோ விவோ போல, பழைய தலைமுறை வண்டியையே தொடர்ந்து செய்து விற்பவை நமக்கு ஒத்துப்போவதற்கு இதுவும் காரணம். சாமான் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். திருடருக்கும் பழகியிருக்கும் என்பதால் காப்பீட்டுக்காரர் டிராக்கர் கேட்பார், அதையும் கணக்கில் சேருங்கள்.

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் 'காங்கேயம் மாடு' என்ற பெயரைக் கேட்டதும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். காருக்கும் அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓடவிட்டிருக்கிறார்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகும் முதல் பத்து விநாடிதான் செயின் சத்தம், இன்ஜெக்டர் தட்டும் சத்தம், நீலப் புகை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி நிறுத்துங்கள். என்ஜின் விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு மூன்றும் எரிய வேண்டும், என்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு மூன்றும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறு இல்லை என்று மகிழாதீர்கள். விளக்கை யாரோ மறைத்திருக்கிறார்கள்.

அடுத்து, காரின் கணினியில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். கைபேசியோடு இணையும் மலிவான கருவி போதும், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகலாம். கோளாறு எண் எதுவும் இல்லை என்று திரை சொன்னதும் நிறுத்திவிடாதீர்கள். 'கோளாறு எண்களை அழித்த பின் ஓடிய தூரம்' என்ற வரியைப் பாருங்கள். 12 கி.மீ. என்று காட்டினால் இன்று காலை அழித்திருக்கிறார்கள். கூடவே வினையூக்கி, ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றின் தன்சோதனை 'முடியவில்லை' என்று காட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படித்தான் காட்டும் என்பார்கள், அதுவும் உண்மை. அப்படியானால் இரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் சம்மதிப்பார்.

கியர்பாக்ஸுக்கு ஏற்றம்தான் பரீட்சை, அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மேனுவல் வண்டியை நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் வைத்து, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். என்ஜின் சுற்று விர்ரென்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்கான சிவிடி பெட்டியாக இருந்தால் 20-க்கும் 40-க்கும் இடையே மெதுவாக மிதித்துக்கொண்டு போங்கள். அதிர்வு வந்தால் பெல்ட்டும் எண்ணெயும் சந்தேகம். இரட்டைக் கிளட்ச், ஏஎம்டி எதுவானாலும் சரிவில் பின்னோக்கிப் பத்து மீட்டர் மெல்ல ஏற்றுங்கள். நடுக்கம் அங்கேதான் தெரியும். சிவிடி எண்ணெய் 'ஆயுள் முழுக்கப் போதும்' என்று விற்கும்போது சொல்வார்கள். நம் வெப்பத்துக்கும் மேட்டுக்கும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை, கம்பெனி குறிப்பிட்ட அதே எண்ணெயை ஊற்றுவது நல்லது. பொது எண்ணெய் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். பில்களில் அந்த எண்ணெயின் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

டர்பன் வண்டிக்குத் தனியாக இரண்டு சோதனை. முதலாவது துரு. கடலோர உப்புக் காற்றில் நின்ற கார், கதவின் அடி விளிம்பு, பின் சக்கர வளைவின் உட்புறம், பக்கி வண்டியின் பின் தொட்டி மூலைகள், சைலன்சர் தொங்கும் கொக்கி ஆகிய இடங்களில் முதலில் அரிக்கும். மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும், விளிம்பைத் தடவினால் கொப்புளம் கையில் படும். அதே மாடல், அதே வருடம், ஜோகன்னஸ்பர்க்கில் ஓடியது கிடைத்தால் துரு விஷயத்தில் அது மேல். இரண்டாவது வெள்ளம். 2022 ஏப்ரலில் வந்த வெள்ளத்தில் டொயோட்டாவின் பிராஸ்பெக்டன் ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தெருவில் நின்ற கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த வண்டியைக் கழுவி வாசனை அடித்து வேறு ஊரில் தலையில் கட்டுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். எங்கே வரை தண்ணீர் ஏறியதோ அங்கே ஒரு சேற்றுக் கோடு இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணல், சீட்டுக்கு அடியில் உள்ள மின் இணைப்பில் பச்சைப் பூஞ்சை போன்ற களிம்பு, இரண்டும் அடுத்த சாட்சிகள். அத்தகைய வண்டி எந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றதானாலும் மின்சாரக் கோளாறு வருடக்கணக்கில் விடாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. ஓடியது 40,000 கி.மீ. என்று மீட்டர் சொல்லும் ஆறு வயது வண்டியில் நான்கு டயரும் போன வருடம் செய்தவை, பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழில் உள்ள கோடு. கோடு 2 என்றால் பழைய வண்டி, கோடு 3 என்றால் நொறுங்கியதைக் கட்டியது. ஆனால் காப்பீட்டுக்காரர் கைவிட்ட வண்டி ஏலத்தில் போய் கோடு 2 ஆகவே சாலைக்குத் திரும்புவதும் உண்டு. தென் ஆப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கத்தின் வின் எண் தேடும் வசதியில் அதைச் சோதிக்கலாம். சாலைத் தகுதிச் சான்றை வைத்துத் திருப்தி அடைய வேண்டாம். தனியார் காருக்கு அது கைமாறும்போது மட்டும் கேட்கப்படுவது. பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் பார்ப்பார்கள், டைமிங் பெல்ட்டையோ கியர்பாக்ஸின் உள்ளையோ பார்க்க மாட்டார்கள். டெக்ரா போன்ற சோதனை நிலையத்தில் வாங்கும் முன் சோதனைக்குக் கட்டும் பணம் வீணாகாது.

யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதும் நம்பகத்தின் ஒரு பகுதிதான். டீலரிடம் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பு, மாற்று வண்டி, பணம் திரும்ப என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. பழுது பார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் அவர் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். சாதாரணத் தேய்மானமும், எழுத்தில் முன்பே சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்ட குறையும் இதில் சேராது. அதனால் கையெழுத்துப் போடும் தாளில் 'குறைகள்' என்ற பகுதியை வரி விடாமல் படியுங்கள். டீலர் மறுத்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, பிறகு புகார்களை விசாரிக்கும் நடுவரான மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தனி ஆளிடம் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிற நிலையில், என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி.

வாரண்டி உள்ள வண்டியை வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்ற பயத்தில் பலர் சர்வீஸையே தள்ளிப்போடுகிறார்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வெளியில் சர்வீஸ் செய்ததற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. அந்த ஒர்க்‌ஷாப் வேலையால்தான் சேதம் வந்தது என்றால் அது வேறு. பில்லில் ஆயிலின் தரமும் ஃபில்டரின் பாக எண்ணும் இருக்கும்படி கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு காருக்கும் எதிரே என்ஜின் எது, கியர்பாக்ஸ் எது, எந்த ஆண்டு வண்டி, கணக்கெடுத்த நாடு எது, கேட்கப்பட்டவர் சொந்தக்காரரா சோதனை நிலையமா என்று ஐந்து கட்டம் சேருங்கள். இடம் போதாவிட்டால் பத்து காரை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். 'கண்ணை மூடிக்கொண்டு' என்ற தலைப்பை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்